பனிக்காட்டுக் கனவும் பழைய ரயில் நிலையமும்

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "நான் மேற்கொண்டு படிக்கப் போவதில்லை. அலாஸ்காவுக்குப் போய், காட்டில் மரவீடு கட்டி, பொறி வைத்து மிருகம் பிடித்துப் பிழைத்துக்கொள்வேன்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள்; அல்லது அவன் கையிலிருக்கும் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பீர்கள். எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவனின் தாயார், இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"சார், நீங்களாவது சொல்லுங்க. ராத்திரியெல்லாம் அந்தப் பனிக்காட்டுப் படத்தையே பாக்குறான். இப்ப வினையே வந்திருச்சு" என்றார்.

வினை இதுதான். சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு, லயத்துக்குப் பின்னால் உள்ள செம்பனைக் காட்டில் பையன் கண்ணி வைத்திருக்கிறான். காட்டுப்பன்றி விழும் என்று காத்திருந்தான். விழுந்தது அடுத்த வீட்டு நாய். இரவெல்லாம் அது கத்தியிருக்கிறது. விடிந்து போய்ப் பார்த்தபோது கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது. நாய் பிழைத்தது, கால் போய்விட்டது. அன்று முதல் பையன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் கனவை மட்டும் விடவில்லை.

திட்டினால் கனவு போகாது என்பதை இத்தனை ஆண்டு ஆசிரியர் வேலையில் கற்றிருக்கிறேன். அதனால் பள்ளி விடுமுறையில் அவனையும், ஒரு காலத்தில் தோட்டத்தில் பெயர்பெற்ற கண்ணிக்காரராக இருந்த அவன் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு கிள்ளானில் ரயில் ஏறினேன். அந்த ஒருநாள் பயணத்தில் உங்களையும் உடன் அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

கிள்ளானிலிருந்து புறப்பாடு

கிள்ளான் பாதை மிகப் பழைய பாதை. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானுக்கு வந்தது. கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் பலர் தோட்டங்களுக்குப் போனதும் இந்தப் பாதை வழியாகத்தான். பார்த்திராத காட்டை நம்பிக் கடல் தாண்டியவர்கள் அவர்கள். ஆகவே தூர தேசத்துக் காட்டைக் கனவு காண்பது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. அந்தக் கனவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையும் இல்லை.

ஷா ஆலம் தாண்டியதும் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். "அங்கே பொறி வைக்கிறவன் அன்றாடம் என்ன செய்கிறான், சொல் பார்ப்போம்."

அவன் அறிந்திருந்தது கொஞ்சமில்லை. ரோமத்துக்காகத்தான் பிடிக்கிறார்கள் என்றான். குளிர்காலத்தில்தான் ரோமம் அடர்த்தியாக இருக்குமாம். அதனால் வேட்டையும் குளிர்காலத்தில்தான் என்றான். நரி, நீர்நாய், காட்டுப்பூனை என்று பெயர்களை அடுக்கினான். பல மைல் நீளத்துக்கு வரிசையாகப் பொறிகளை வைத்துவிட்டு, அந்த வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றி வர வேண்டும் என்றும் சொன்னான்.

கேட்டுக்கொண்டிருந்த தாத்தா சிரித்துவிட்டார். "இதுக்கா அவ்வளவு தூரம்? இது நம்ம நெறை மாதிரிதானேடா! விடியுமுன்னே எந்திரிச்சு மரம் மரமாப் போறது, கோடு போடறது, திரும்பி வந்து பால் எடுக்கிறது. மழை பேஞ்சா எல்லாம் போச்சு."

பெரியவர் சொன்னதில் தவறே இல்லை. இங்கே மழை பாலைக் கெடுக்கும். அங்கே பனி பொறியை மூடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அலாஸ்காவின் உட்பகுதியில் உள்ள ஃபேர்பேங்ஸ் நகரில் டிசம்பர் மாதப் பிற்பாதியில் பகல் வெளிச்சம் 4 மணி நேரம்கூட இருப்பதில்லை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை போவதுண்டு. நெறையில் வழுக்கி விழுந்தால் பக்கத்து நெறைக்காரர் ஓடி வருவார். அங்கே ஓடி வர ஆளில்லை. காட்டு நிலத்தில் குடியேறி அதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்ற பழைய அமெரிக்கச் சட்டமும் 1986-இல் அலாஸ்காவில் முடிந்துவிட்டது. பொறி வைக்க உரிமம் வேண்டும். இவற்றையெல்லாம் அந்தப் படங்கள் சொல்வதில்லை.

பனி தாங்கும் கூரை

கே.எல். சென்ட்ரலில் எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தமான பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கினோம். நீங்களும் ஒருமுறை அங்கே இறங்கிப் பாருங்கள். 1910-இல் கட்டி முடிந்த நிலையம். குவிமாடங்களும் வளைவுகளுமாக ஒரு வெள்ளை அரண்மனைபோல் நிற்கிறது. 2001-இல் தூரப் பயண ரயில்களெல்லாம் பிரிக்பீல்ட்ஸிலுள்ள கே.எல். சென்ட்ரலுக்குப் போய்விட்டதால் இப்போது கூட்டமில்லை.

இந்த நிலையத்தைப் பற்றி வேடிக்கையான கதை ஒன்று வழங்குகிறது. இங்கிலாந்து ரயில்வே விதிப்படி, கூரையின்மேல் மூன்றடி பனி விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று சொல்லி, முதலில் போட்ட கூரைத் திட்டத்தை மாற்றச் செய்தார்களாம்! கதை எவ்வளவு உண்மையோ, வெயிலில் நின்று அந்தக் கூரையைப் பார்த்தபோது பையன் பல நாளைக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தான்.

"இந்த நிலையத்துக்கு வரைபடம் போட்டவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். மஸ்ஜிட் ஜாமெக்கும் அவர் வரைந்ததுதான். நான் உன்னை இங்கே கூட்டிவந்தது அவருக்காக அல்ல, அவருடைய தம்பிக்காக" என்றேன்.

தம்பியின் பெயர் தியோடர் ஹப்பாக். 1895-இல் மலாயாவுக்கு வந்தவர். ரப்பர் தோட்டத் துரையாக இருந்தவர். அவருக்கு வேட்டைப் பித்து. யானையையும் செலாடாங் எனும் காட்டெருமையையும் சுடுவதைப் பற்றி 1905-இல் ஒரு புத்தகமே எழுதினார். இந்நாட்டுக் காடு அவருக்குப் போதவில்லை. கடல் தாண்டி அலாஸ்காவுக்குப் போனார், அதுவும் ஒருமுறையன்று. மூஸ் எனும் பெரிய மானையும் மலையாட்டையும் தேடிப் பனிமலைகளில் அலைந்தார். அந்தப் பயணங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1929-இல் வெளியானது.

பையனின் கண்கள் அகன்றன. "நம்ம ஊரிலேருந்தா சார் போனாரு?"

"நம்ம ஊரிலிருந்துதான். ஆனால் எந்தக் காசில் போனார் என்று நினைக்கிறாய்?"

தாத்தா மெதுவாகச் சொன்னார்: "பால் காசு."

ஆம், வாசகர்களே. அந்தக் காலத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். துரைமார்களுக்குத் தூர தேசம் பார்க்க வழி செய்தது ரப்பர். வெட்டியவருக்கு லயத்து வீடு, துரைக்கு அலாஸ்கா. கனவு எல்லாருக்கும் வருவதுதான். கப்பல் சீட்டு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இதை நம் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அத்தனை வேட்டையாடிய மனிதர், காட்டு விலங்குகள் அழிந்து வருவதைக் கண்டு மனம் மாறினார். 1930-இல் மலாயாவின் வனவிலங்குகளைப் பற்றி ஆராய அமைந்த ஆணையத்தை அவரே நடத்தினார். அதன் அறிக்கை 1932-இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. விலங்குகளுக்கென்று ஒரு பெருங்காடு வேண்டுமென ஓயாமல் வாதாடினார். பகாங், திரெங்கானு, கிளந்தான் சுல்தான்கள் நிலம் ஒதுக்க இசைந்தார்கள். 1938-39-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்கா உருவானது. சுதந்திரத்துக்குப் பிறகு அதன் பெயர்தான் தாமான் நெகாரா. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். அண்ணன் கட்டியதை நகரத்தில் எல்லாரும் பார்க்கிறோம். தம்பி காத்ததைப் பார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும். ஜப்பானியர் இந்நாட்டுக்குள் புகுந்த பின், 1942-இல் அவர் உயிரிழந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாடு

மீண்டும் ஒரு நிறுத்தம் பின்னால் வந்து, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சோறு சாப்பிட்டோம். செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற இடம். பின்னர் ரயில்வேத் தொழிலாளர்களின் ஊரானது. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை வாசனையும் பாட்டுச் சத்தமும் ஓய்வதே இல்லை.

அங்கே உட்கார்ந்துதான் இன்னொருவரின் கதையைச் சொன்னேன். கிறிஸ்டோபர் மெக்கேண்டில்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். பட்டதாரி, வயது 24. 1992-இல் தன்னந்தனியே அலாஸ்கா காட்டுக்குள் போனார். கைவிடப்பட்ட பேருந்து ஒன்றில் தங்கினார். ஒரு மூஸைச் சுட்டு வீழ்த்தியும், அந்த இறைச்சியைக் கெடாமல் காக்க முடியாமல் வீணாக்கினார். திரும்ப நினைத்தபோது ஆற்றில் வெள்ளம் வழியை மறித்தது. ஏறக்குறைய நான்கு மாதத்தில் பசியால் மெலிந்து, அந்தப் பேருந்துக்குள்ளேயே இறந்துபோனார். அவரைப் பின்பற்றி அந்தப் பேருந்தைப் பார்க்கப் போனவர்களும் ஆபத்தில் சிக்கியதால், 2020-இல் அரசாங்கம் ஹெலிகாப்டர் வைத்து அதை அகற்றியது.

"தைரியம் இல்லாம இல்ல சார். தெரிஞ்சுக்காமப் போயிட்டாரு" என்றான் பையன். அவனே அதைச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கோம்பாக்கில் தாத்தா சொன்னது

கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. நேராகக் கோம்பாக் போகிறது. அங்கிருந்து வாடகைக் காரில் பழைய பகாங் சாலையில் ஏறினால் ஓராங் அஸ்லி அருங்காட்சியகம். போகுமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊதுகுழல், நஞ்சு தோய்த்த அம்பு, காட்டுப் பொருள்களைக் கொண்டே செய்த பொறிகள், மரச் சிற்பங்கள் என்று காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் அறிவை அங்கே காணலாம். உண்மையான காட்டு வாழ்க்கையைப் பார்க்க அலாஸ்காவுக்குப் போக வேண்டியதில்லை; கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது.

பொறிகளின் முன் தாத்தா நெடுநேரம் நின்றார். பிறகு பேரனின் தோளில் கை வைத்தார்.

"பிரம்புலயும் கொடியிலயும் சுருக்குப் போட்டா நாலு மழையில இத்துப்போயிரும்டா. கம்பி இத்துப்போவாது. வச்சவன் மறந்தாலும் அது மறக்காது. பன்னின்னும் பாக்காது, நாயின்னும் பாக்காது. நானும் கம்பி வச்சவன்தான். வச்ச இடத்தை மறந்ததும் உண்டு. அந்தக் கணக்க யாருக்குச் சொல்றது?"

பையன் அழுதுவிட்டான். நானும் அவரும் பேசாமல் இருந்தோம். சில நேரம் அழுகையைத் தடுக்கக் கூடாது.

வாசகர்களே, இந்த இடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுருக்குக் கண்ணி வைத்து வனவிலங்கைப் பிடிப்பது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. "பன்றிக்குத்தானே வைத்தேன்" என்பது வாதமாகாது. காட்டோரங்களில் வைக்கும் கம்பியில் மானும் சிக்கும், புலியும் சிக்கும். 2022-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150-க்கும் குறைவு. அவை குறைந்ததற்கு இந்தக் கம்பிகளும் ஒரு முக்கியக் காரணம்.

திரும்பும் ரயிலில்

மாலை ரயிலில் பெட்டாலிங் தாண்டும்போது பையன் கேட்டான்: "சார், அந்தக் கம்பியெல்லாம் யாரு எடுப்பாங்க?"

பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் காவலர்கள் எடுக்கிறார்கள் என்றேன். ஓய்வுபெற்ற படைவீரர்களையும் ஓராங் அஸ்லி மக்களையும்கூட அண்மைய ஆண்டுகளில் காட்டுக் காவலில் சேர்த்திருக்கிறார்கள். நாள்கணக்கில் காட்டில் நடந்து, கூடாரத்தில் உறங்கி, வரிசை வரிசையாகத் தேடிக் கண்ணிகளை அகற்றுகிறார்கள். பொறி வைப்பவன் நடக்கும் அதே நடைதான். ஆனால் வைப்பதற்கல்ல, எடுப்பதற்கு.

"அதுக்கு என்ன படிக்கணும்?"

"முதலில் இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டும். மலாய் நன்றாக வர வேண்டும், அறிவியலும் வேண்டும்."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் நாளை எதுவாக வேண்டுமானாலும் ஆகட்டும். அலாஸ்காவையும் ஒருநாள் போய்ப் பார்க்கட்டும். தன் சம்பளத்தில், திரும்பிவரும் சீட்டோடு போகட்டும் என்பதுதான் என் ஆசை.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்தேன். மூன்று கால் நாய்க்கு அவன் சோறு வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தாத்தா ஒரு சாக்கை வைத்துக்கொண்டு நின்றார். இருவரும் செம்பனைக் காட்டுக்குள் போய், பழைய கம்பிகள் எங்காவது கிடக்கின்றனவா என்று தேடப் போகிறார்களாம்.

உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஒன்று கிடக்கலாம். பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.