கம்மாபுரத்துக்கு மேற்கே ஓர் அருவி

கம்மாபுரத்தில் மலை கிடையாது. மாடியில் நின்று பார்த்தால் தொலைவில் மலைபோல நீளமாக ஒன்று தெரியும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மேல்மண் அது. கனடாவிலிருந்து வந்து இறங்கிய அன்றே, பையன் அதைக் காட்டி "அந்த மலைக்குப் போலாமா?" என்று கேட்டதும் வீடே சிரித்தது. ஆயா மட்டும் சிரிக்கவில்லை. "அது மலை இல்லடா கண்ணு, பூமிக்கு அடியில கெடந்த மண்ணு" என்றார்.

பையன் கேட்டதில் தப்பில்லை. அவன் வளர்ந்தது ஒன்டாரியோ மாகாணத்து ஹாமில்டனில். எஃகு ஆலைகளுக்குப் பேர்போன ஊர். நயாகரா செங்குத்துச் சரிவு ஊருக்கு நடுவே ஓடுவதால் நூற்றுக்கும் மேற்பட்ட அருவிகளும் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஓர் அருவிக்கு நடந்துவிட்டு வருவது அந்த ஊர் வழக்கம். ஆலையும் அருவியும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, நிலக்கரி ஊர் என்றால் பக்கத்தில் எங்காவது தண்ணீர் விழத்தான் செய்யும்.

அவனுடைய அம்மா தொண்ணூறுகளின் கடைசியில் ஊரைவிட்டுப் போனவர். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மாவைப் பொறுத்தவரை சிறு வயதில் பார்த்த ஒரே அருவி, சுரங்கத் தண்ணீரை வெளியேற்றும் இரும்புக் குழாயின் வாய்தான். ஆள் நுழையும் அளவுக்குப் பெருத்த குழாய். அதிலிருந்து வெதுவெதுப்பாகக் கொட்டும் தண்ணீரில் பிள்ளைகள் குளிப்பார்கள், பெண்கள் துணி துவைப்பார்கள், எருமைகளும் வந்து நிற்கும்.

இந்த வட்டாரத்தின் கதையே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. 1935-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து நெய்வேலி வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நிலக்கரி நிறுவனம் 1956-ல் வந்தது. 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. பலர் கவனிக்காத விஷயம், நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நீர். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஆழக் குழாய் இறக்கினால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பொங்கி வரும். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் வெட்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் மேலே வந்துவிடும். அதனால் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயலில் பாய்கிறது. சுற்றியுள்ள கிராமத்துக் கிணறுகளோ கீழே கீழே போயின. இரண்டும் ஒரே பம்பு செய்த வேலை.

சுரங்கம் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக விளைந்துகொண்டிருந்த நெற்பயிரில் இயந்திரம் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஹாமில்டன் வீட்டில் பையனின் அம்மாவும் பார்த்தார். ஊருக்கு வந்ததும் முதலில் அந்தப் பக்கம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

அருவிக்கு வருவோம். யோசனை அம்மாவின் அண்ணன் மகளுடையது. கள்ளக்குறிச்சியில் கல்லூரிப் படிப்பு அவளுக்கு. "பெரியார் ஃபால்ஸ் போலாம் அத்தை. ரோட்டோரமே இருக்கு, ஆயாகூட வரலாம்" என்றாள். அத்தைக்கு அந்தப் பெயரே புதிது. கல்வராயன் மலை தெரியும், பாடப் புத்தகத்தில் வரும். அது மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் கம்மாபுரத்தில் யாரும் சொன்னதாக நினைவில்லை. ஊரின் பார்வை முழுக்க நெய்வேலி டவுன்ஷிப் பக்கம். வேலை, ஆஸ்பத்திரி, சினிமா எல்லாம் அங்கே. மேற்கே விருத்தாசலம்வரை போவார்கள். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்று மணலில் கடை போடுவார்களே, அதுவரைக்கும்தான். அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை.

அது வருவது இந்த மலையிலிருந்துதான். மணிமுத்தாறும் கோமுகியும் கல்வராயனில் பிறந்து, சமவெளியில் இறங்கி, கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகின்றன. கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் 46 அடி உயரக் கோமுகி அணை. பொட்டியம், கல்படை என்று மலையோடைகள் பல வந்து நிரப்புகிற அணை அது. மார்கழி என்பதால் தண்ணீர் நிறைந்து நின்றது. ஆயா கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "இதுதானா விருத்தாசலத்துக்கு வராத தண்ணி?" என்றார்.

அணை தாண்டியதும் ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். வெள்ளிமலைக்குப் போகும் இந்தச் சாலையில்தான் பெரியார் அருவி. வண்டியை ஓரங்கட்டி இறங்கியவுடனே இரைச்சல் கேட்கிறது. அருவியின் அடிவாரத்துக்கு நடை கொஞ்சம்தான், ஆனால் பாறை மேல். மலையேற்றம் என்று சொல்ல மலையேறிகள் ஒப்ப மாட்டார்கள். குழந்தையும் கிழவியும் இருக்கிற குடும்பத்துக்கு இதுவே சரியான அளவு. காய்ந்த பாறையில் செருப்போடு நடக்கலாம். ஈரப் பாறையில் செருப்பு ஆகாது. கறுப்பாக மின்னும் இடமெல்லாம் பாசி. பையன் விலை உயர்ந்த மலையேற்றக் காலணியோடு வந்து, அந்தக் கறுப்பில் காலை வைத்ததும் பொத்தென்று உட்கார்ந்தான். பக்கத்தில் வெறுங்காலோடு ஒரு சிறுமி, தலையில் எண்ணெய் வழிய, அவனைத் தாண்டிப் பாறை பாறையாகத் தாவிப் போனாள்.

ஹாமில்டனில் வெப்ஸ்டர் அருவிக்குப் போவதென்றால் கூட்டம் வரும் பருவங்களில் முன்பதிவு வேண்டும். பிறகு தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். தண்ணீரில் இறங்கக் கூடாது. இங்கே அண்ணன் சட்டையைக் கழற்றி மருமகன் கையில் கொடுத்துவிட்டு நேராகத் தண்ணீருக்கு அடியில் போய் முதுகைக் காட்டி நின்றுவிட்டார். "உள்ளே போகலாமா?" என்று பையன் இரண்டு முறை கேட்டான். அம்மாவுக்கே கொஞ்சம் தயக்கம். கடைசியில் அவரும் சுடிதாரோடு இறங்கினார். சுரங்கக் குழாய்த் தண்ணீரின் வெதுவெதுப்பை எதிர்பார்த்த உடம்பை இந்தக் குளிர் ஓர் உலுக்கு உலுக்கியது. ஆயா கீழே ஒரு பாறையில் சேலையை முழங்கால்வரை சுருட்டி உட்கார்ந்து, தண்ணீரில் விட்ட காலில் மெட்டியை உருட்டி உருட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிறுமியின் அப்பா ஒன்று சொன்னார். மேலே மழை பெய்தால் இங்கே தெரியாது. தண்ணீர் திடீரென்று செம்மண் கலந்து கலங்கி வந்தால், சாமான்களை எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு கரையேறிவிட வேண்டும். எந்த அறிவிப்புப் பலகையையும்விட இது உபயோகம்.

குறை சொல்லாமல் முடியாது. பாறை இடுக்கெல்லாம் உடைந்த பாட்டில். வெறுங்காலோடு போக வேண்டிய இடத்தில் கண்ணாடிச் சில்லு. கல்வராயன் என்றாலே சாராயம் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபின் அது இன்னும் கூடியது. இந்தப் பயணத்துக்கு முன்பும், "அந்த மலைக்கா போறீங்க?" என்று டொரன்டோவிலிருந்து ஓர் உறவினர் போன் செய்தார். அருவியில் கிடக்கும் பாட்டில்களின் லேபிளைப் பார்த்தால் தெரியும், அவை கீழேயிருந்து காரில் ஏறி வந்த கடைச் சரக்கு.

மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பேசுவது தமிழ். ஜாகீர்தார்கள் கையில் இருந்த இந்த மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். அதுவரை ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மலையின் விளைச்சல் சாமை, தினை, கடுக்காய், பலா. இப்போது எங்கு பார்த்தாலும் மரவள்ளி, ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக. வெள்ளிமலை டீக்கடையில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் காரச் சட்னியும் கிடைத்தன. கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை யாரும் தொடவில்லை. ஆயாவுக்கு அதில் வருத்தம்.

டீக்கடையில் பையன் மற்ற அருவிகளை விசாரித்துப் போனில் குறித்துக்கொண்டான்: மேகம், கவியம், சிறுகலூர். மேகத்துக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும், வழி தெரிந்த ஆள் இல்லாமல் போகாதீர்கள் என்றார் கடைக்காரர். சிறுகலூருக்கு ஆயாவால் வர முடியுமா என்று அண்ணன் கேட்க, "அதை நான் சொல்லணும், நீ யாரு?" என்று ஆயா கேட்டதில் அந்தப் பேச்சு அங்கே முடியவில்லை, கச்சிராயபாளையம் இறங்கும்வரை காரில் நடந்தது.