பல மொழி வழங்கும் மீஞ்சூர்

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி மார்க்கமாகச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டி, எண்ணூரையும் அத்திப்பட்டையும் கடந்து மீஞ்சூரை அடைகின்றது. ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராசப் பெருமாள் கோயிலும் ஒருங்கே அமைந்தமையால் இவ்வூரை ‘வடகாஞ்சி’ என்று வழங்கும் மரபு உண்டு. முன்னாளில் வயல் சூழ்ந்த ஊர். இன்றோ கிழக்கே அனல்மின் நிலையங்களும், காமராசர் துறைமுகமும், கடல்நீரைக் குடிநீராக்கும் பொருட்டு 2010-இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்ட நிலையமும் விளங்குகின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகள் இரவும் பகலும் புகைகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மீஞ்சூர்க் கடைத்தெருவிலே சற்று நின்று செவிமடுப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். காய்கறி பேரம் பேசும் குரலும், கைப்பேசியிலே தொலைதூரத்துத் தாயிடம் நலம் உசாவும் குரலும் ஒரே மொழியில் இல்லை. ‘எல்லாரும் இந்திக்காரர்’ என்று ஒரே சொல்லால் கூறி நம்மவர் நகர்ந்துவிடுகின்றனர். அந்த ஒரு சொல் போதுமா என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றேன்.

எல்லையோர மண்

வேற்று மாநிலத் தொழிலாளர் வருமுன் இப்பகுதியில் தமிழ் ஒன்றே வழங்கியது என எண்ணுதல் தவறு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என்பது அவர்களுக்கு இயல்பு. நாம் பழவேற்காடு என்னும் ஊரைத் தெலுங்கர் ‘பிரளய காவேரி’ என்பர். அங்கே போர்த்துக்கீசியர் வந்தனர். பின்னர் டச்சுக்காரர் வந்து 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். டச்சு எழுத்துகள் பொறித்த கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. தமிழ் பேசும் இசுலாமியரும், மீனவரும், இருளரும் அந்த ஏரிக்கரையில் அடுத்தடுத்து வாழ்கின்றனர்.

மொழிவழி மாநிலக் கிளர்ச்சி இந்த மண்ணை நேராகத் தொட்டது. தனி ஆந்திர மாநிலம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி சிறீராமுலு, 1952 டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி நம்மிடம் வந்தது. சத்தியவேடு ஆந்திரம் சென்றது. ஆயினும் கோட்டுக்கு அப்பால் தமிழ் பேசுவோரும் இப்பால் தெலுங்கு பேசுவோரும் எஞ்சினர். அவர்களுக்குள் பெண் கொடுத்தலும் எடுத்தலும் நின்றுவிடவில்லை. எந்தக் கோட்டை எங்கே வரைந்தாலும் இருபுறமும் சிறுபான்மையினர் இருப்பர் என்பதே இந்த எல்லை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

‘இந்திக்காரர்’ யார்?

இனிக் கடைத்தெருவிற்கு வருவோம். பீகாரின் மேற்குப் பகுதியிலிருந்து வந்தவர் பேசுவது போச்புரி. அதன் வடக்குப் பகுதியிலிருந்து வந்தவர் பேசுவது மைதிலி. ஒடிசாக்காரர் ஒடியாவும், மேற்கு வங்கத்தார் வங்காளமும் பேசுவர். சார்க்கண்டிலிருந்து வருவோருள் சந்தாலி, முண்டாரி, குடுக் முதலிய மொழிகளைப் பேசும் பழங்குடியினர் பலர். இவர்கள் தமக்குள்ளும் நம்மோடும் பேசுவதற்குக் கற்றுக்கொண்ட பொதுமொழியே இந்தி. நமக்குக் கேட்பது அந்தப் பொதுமொழி மட்டுமே.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் ‘உமது தாய்மொழி யாது?’ என்ற வினாவிற்கு மக்கள் அளித்த விடைகளில் 19,569 பெயர்கள் இருந்தன. அவற்றை அறிஞர்கள் ஆய்ந்து, தொகுத்து, இறுதியில் பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகள் 121 என வகுத்தனர். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றவை 22. ஐந்து கோடிக்கு மேற்பட்டோர் பேசும் போச்புரி அவற்றுள் இல்லை. அது இந்தியின் கீழ் எண்ணப்படுகின்றது. நம் கையிலுள்ள ரூபாய்த் தாளின் பின்புறத்தைப் பாருங்கள். பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அந்த வரிசையில் தமிழ் உண்டு. சந்தாலியும் மைதிலியும் அட்டவணையில் இருந்தும் தாளில் இல்லை. தம் மொழி அச்சிடப்படாத பணத்தையே அம்மக்கள் வியர்வை சிந்தி ஈட்டி ஊருக்கு அனுப்புகின்றனர்.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின், சார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவரை அழைத்து, “தம்பி, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?” என்று வினவினேன். “இந்தி, சுவாமி” என்றார். மீண்டும் கேட்டபோது சற்றுத் தயங்கி, “குடுக்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சிக்குக் காரணம் அவருக்கு விளங்கவில்லை. ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கால்டுவெல் ஐயரே தம் ஒப்பிலக்கண நூலில் அதனைச் சேர்த்துக் கூறியுள்ளார். நம் பழந்தமிழ் ‘யான்’ அவர்தம் வாயில் ‘ஏன்’. நம் ‘நீ’ அங்கே ‘நீன்’. நம் ‘கண்’ தொண்டையொலியோடு அங்கேயும் கண்ணே. ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் பேசும் அம்மொழி நம் தமிழுக்குத் தூரத்து உறவு. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த அந்த உறவினரைத்தான் நம் தெருவில் ‘இந்திக்காரன்’ என்கின்றோம்!

கங்காணியும் தாதனும்

மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களில் அறுவடை முடிந்ததும், தரகர் ஒருவர் குடும்பத்திற்கு முன்பணம் அளிப்பார். அதற்கு அங்கே ‘தாதன்’ என்று பெயர். முன்பணம் பெற்ற குடும்பம் குழந்தைகளோடு இரயிலேறி, நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு வந்து, மழைக்காலம் தொடங்கும்வரை கல் அறுக்கும். கணவன் மண் குழைப்பான், மனைவி வார்ப்பாள், பிள்ளை காய்ந்த கல்லைத் திருப்பிவைக்கும். கணக்கு முடியும்போது கடன் தீர்ந்ததா என்பது முதலாளியின் ஏட்டுக்கே தெரியும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் 2011-இல் இம்மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒடியத் தொழிலாளர் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர்.

இக்கதை நமக்குப் புதிதன்று. நம் முன்னோரும் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். பம்பாயில் தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் அனைவரையும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லால் சுட்டினர். 1960-களில் அந்தச் சொல்லை வசைச்சொல்லாக்கி நம்மவரை விரட்ட முயன்றோரும் உளர். அன்று நமக்கு வலித்தது எதுவோ, அதுவே இன்று ‘வடக்கன்’ என்ற சொல்லைக் கேட்கும் ஒடியருக்கும் வலிக்கும்.

மற்றொன்றையும் எண்ணுங்கள். ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்து நிலக்கரி, பாரதீப்பு துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, நம் அனல்மின் நிலையங்களில் எரிகின்றது. அந்த மண்ணின் கரியால் நம் வீட்டு விளக்கு எரிகின்றது. அந்த மண்ணின் மக்கள் அறுத்த கல்லால் நம் வீட்டுச் சுவர் எழுகின்றது.

தமிழ் பேசியும் அயலார்

மொழியே ஒருவரை நம்மவர் ஆக்கும் எனின், கும்மிடிப்பூண்டியில் ஒரு கேள்வி எழுகின்றது. அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் 1990 முதல் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் பேசுவது நம் தமிழ். ஆயினும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த பிள்ளைகளுட்கூடப் பலருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. இலங்கையிலோ, மலையகத் தமிழர் அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தும் ‘இந்தியத் தமிழர்’ என்றே கணக்கெடுக்கப்பட்டனர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது. 1964-இல் சாத்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்பாட்டில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பங்கிட்டுக்கொண்டனர். ‘இந்தியர்’ என்ற பெயரை அந்த மக்கள் தாமாக வேண்டிப் பெறவில்லை, பிறர் சூட்டினர்.

ஆகவே ‘இந்தியர்’ என்பது ஒரு மொழியின் பெயருமன்று, ஓர் இனத்தின் பெயருமன்று. ஒருவர்க்கொருவர் மொழி அறியாதவர்கள் ஒரே சட்டத்தின் நிழலில் அச்சமின்றி வாழலாம் என்று செய்துகொண்ட உடன்படிக்கையின் பெயர் அது. அந்த உடன்படிக்கை தில்லியில் எழுதப்பட்டது. அது காக்கப்படுவதும் முறிக்கப்படுவதும் மீஞ்சூர் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில்.

நாம் செய்யத்தக்கது

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, இத்தொழிலாளர் கூலியின்றி, வண்டியின்றித் தவித்தனர். சொந்த ஊர் நோக்கி நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினோரும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரியர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துச் செய்தி பொய்யெனத் தெளிந்தனர். ஆயினும் அதற்குள் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். அவர்களுள் ஒருவருக்கேனும் நம்பத்தகுந்த தமிழ் அண்டைவீட்டார் இருந்திருந்தால், அந்தப் பொய் அத்துணை எளிதில் வென்றிராது.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க முயலவேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ உறுப்பு கூறுகின்றது. நம் மாவட்டத்துச் சூளைகள் சிலவற்றில் ஒடியக் குழந்தைகளுக்கு ஒடியாவிலேயே பாடம் சொல்ல ஏற்பாடுகள் நடந்துள்ளன. அவை பெருக வேண்டும். வேலைக்கு ஆள் வைத்திருப்போர், கூலிக் கணக்கைத் தொழிலாளிக்குத் தெரிந்த எழுத்தில் கொடுக்கட்டும். வாடகைக்கு வீடு விடுவோர், ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கின்றனர் என்று பார்க்கட்டும். பிள்ளைகள் வகுப்பிலுள்ள போச்புரிச் சிறுவனிடம் பத்துச் சொற்களேனும் கற்று, பத்துத் தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொடுக்கட்டும்.

அடுத்த ஞாயிறு கடைத்தெருவில் உங்கள் அருகே நிற்பவரிடம், அவர் ஊர் எது, தாய் பேசும் மொழி எது என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல அவருக்குச் சற்று நேரம் பிடிக்கலாம். இதுவரை எவரும் அவரை அப்படிக் கேட்டிருக்கமாட்டார்.