என் பெயர் உங்களுக்குத் தெரியுமா?



யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்திலிருந்து ஆரோனின் மார்ப்பதக்கத்தைக் குறித்துப் பிரசங்கிக்க ஆயத்தப்படுகையில், இரத்தினக் கற்களைப் பற்றிச் சிறிது வாசித்தேன். அப்போது அறிந்த பிரேசிலியனைட் என்னும் அரிய கனிமத்தின் வரலாறு இன்னும் என் மனதைவிட்டு அகலவில்லை.

பூமியின் ஆழத்தில் கிரானைட் பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும்போது, நீரும் அரிய தனிமங்களும் செறிந்த அதன் கடைசிப் பகுதி பெக்மடைட் என்னும் பாறையாகிறது. பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் அத்தகைய பாறையிலிருந்து மஞ்சள் கலந்த பச்சைப் படிகங்கள் கிடைத்தன. முதலில் அவற்றைக் கிரிசோபெரில் என்றே எண்ணினார்கள். நாம் வைடூரியம் என்றழைக்கும் கல் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆராய்ந்தபோதோ, அது சோடியமும் அலுமினியமும் அடங்கிய பாஸ்பேட் கனிமம் என்றும், அதுவரை எவரும் விவரித்திராதது என்றும் தெரியவந்தது. 1945-இல் ஃபிரெடெரிக் போ, எட்வர்ட் ஹெண்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் அதற்குப் பிரேசிலின் பெயரையே சூட்டினார்கள்.

மோஸ் அளவுகோலில் கிரிசோபெரிலின் கடினம் 8.5, பிரேசிலியனைட்டுக்கு 5.5 மட்டுமே. வேறொரு கல்லாக எண்ணி அளந்தால் அது குறையுள்ளது. தன் பெயரால் அறியப்பட்டபோதோ, சேகரிப்போர் விரும்பித் தேடும் அரிய கல் அது.

இதை வாசித்தபோது, முன்பு நான் ஊழியம் செய்த சபையின் ஓர் இளைஞன் நினைவுக்கு வந்தான். அவனுடைய அண்ணன் இனிமையாகப் பாடுவான். தம்பியோ பேசவே தயங்குவான். அண்ணனின் பெயரைச் சொல்லி, "அவனுடைய தம்பி இவன்" என்றே எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவேன். "அண்ணனைப்போல் நீயும் பாடவேண்டும்" என்று அடிக்கடி சொல்லி, அவனை ஊக்கப்படுத்துவதாக எண்ணிக்கொள்வேன். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் தாழ்ந்த குரலில் கேட்டான்: "ஐயா, என் பெயர் உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நானே.

நடக்க இயலாத ஒரு மூதாட்டியை வாரந்தோறும் ஆலயத்துக்கு அழைத்துவந்தவனும் அவனே என்று பின்னர்தான் அறிந்தேன்.

மார்ப்பதக்கத்தின் 12 கற்களும் ஒன்றுபோல் இருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. அப்பெயர்களை நெஞ்சின்மேல் தாங்கியே ஆரோன் தேவசமுகத்தில் நின்றான். நானோ, என் பொறுப்பில் இருந்த ஒரு பெயரைத் தவறவிட்டேன். இப்போது அவனுடைய பெயரைச் சொல்லியே ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, "இன்னாருடைய மகள்", "இன்னாருடைய தம்பி" என்று மட்டுமே நாம் அறிந்திருக்கும் ஒருவர் நம் சபையிலும் இருக்கக்கூடும். இந்த வாரம் அவருடைய பெயரைக் கேட்டறிவோம். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்போம்.

கிறிஸ்துவின் சமாதானம் உங்களோடிருப்பதாக.