ரெமோ ஃபெர்னாண்டஸ்: ஓர் ஒலிநாடாவின் வரலாற்றிடம்

1995இல் மணிரத்னத்தின் ‘பம்பாய்’ வெளிவந்தபோது, அதன் பாடல்கள் மும்பைத் தமிழருக்கு இரண்டு மொழிகளில் வந்து சேர்ந்தன. அரபிக் கடலோரத்தைப் பாடும் துள்ளிசைப் பாடலைத் தமிழில் ஏ.ஆர். ரஹ்மானே பாடினார். ‘ஹம்மா ஹம்மா’ என்று அறியப்பட்ட அதன் இந்தி வடிவத்தைப் பாடியவர் கோவாவின் ரெமோ ஃபெர்னாண்டஸ். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஐரோலியிலும் வாழும் தமிழருக்கு அக்குரல் நன்கு பழக்கமானது. ஆனால் அக்குரலுக்குரியவர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தம் பாடல்களைத் தாமே எழுதி, இசையமைத்து, பதிவுசெய்து, விற்ற ராக் இசைஞர் என்பதை அறிந்தோர் சிலரே.

ரெமோவின் முடிவு எத்தகையது என்பதை உணர, அவருக்கு முந்தைய தலைமுறையை நோக்க வேண்டும். போர்ச்சுகீசியர் ஆட்சிக்காலக் கோவாவில் தேவாலயங்களை ஒட்டிய பள்ளிகளில் சிறுவர்கள் வயலினும் மேற்கத்திய இசைக்குறிமுறையும் கற்றனர். பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்த அவர்கள், முதலில் விடுதிகளின் ஜாஸ் குழுக்களிலும் பின்னர் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களிலும் இடம்பெற்றனர். இசையமைப்பாளர் பாடிக்காட்டும் மெட்டைக் குறிப்பாக எழுதி, எந்தக் கருவி எங்கே ஒலிக்க வேண்டும் என வகுத்தவர்களில் செபாஸ்டியன் டி’சூசா, சிக் சாக்லேட், அந்தோணி கொன்சால்வஸ் ஆகியோர் முதன்மையானவர்கள். எனினும் பல இசைத்தட்டுகளில் அவர்களது பெயர்களுக்கு இடமிருக்கவில்லை. 1977இல் வந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படப் பாடலொன்றில் கொன்சால்வஸின் பெயர் ஒலித்தது. தம் வயலின் ஆசானுக்கு பியாரேலால் செலுத்திய நன்றி அது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது அமிதாப் பச்சன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் மட்டுமே.

ரெமோ 1953இல் பணஜியில் பிறந்தார். 1961இல் கோவா இந்தியாவுடன் இணைந்தபோது அவருக்கு வயது எட்டு. பம்பாயின் சர் ஜே.ஜே. கல்லூரியில் கட்டடக்கலை பயின்ற அவர், எழுபதுகளின் இறுதியில் ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் பாடியவாறே அலைந்து திரிந்தார். திரும்பி வந்தபோது, புதிதாக எழுதப்பட்ட ஆங்கிலப் பாடல்களை வெளியிடப் பம்பாய் நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. முன்னோர் வந்த வழியே திரைப்பட இசைக்குழுவில் அவர் சேர்ந்திருக்கலாம். அல்லது விடுதிகளில் பிறர் பாடல்களைப் பாடிக் காலம் கழித்திருக்கலாம். அவர் தம் சியோலிம் கிராமத்திலேயே தங்கிவிட்டார்.

நான்கு தடங்களில் பதிவுசெய்யும் சிறு ஒலிநாடாக் கருவி ஒன்றைக்கொண்டு, 1984இல் அவ்வீட்டிலேயே ‘கோவன் கிரேசி’ என்னும் தொகுப்பை உருவாக்கினார். எல்லாக் கருவிகளையும் அவரே வாசித்தார். எல்லாக் குரல்களும் அவருடையவை. அட்டையும் அவர் வடிவமைத்ததே. நாடாக்களைக் கடைகடையாகக் கொண்டுசென்று கொடுத்தவரும் அவரே. இசைத்தட்டு தயாரிக்க ஆலை வேண்டும். ஒலிநாடாவை வீட்டிலிருந்தபடியே படியெடுக்கலாம். அத்தொழில்நுட்ப மாற்றம் ஒரு தனிமனிதருக்குத் திறந்துவிட்ட வாயில் அது.

போதைப்பொருளுக்கு எதிரான ‘பேக் தட் ஸ்மாக்’ 1986இலும் ‘பாம்பே சிட்டி’ அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. 1987இல் ‘ஜல்வா’ திரைப்படத்துக்குப் பாடியதன்வழி இந்தி உலகும் அவரை அறிந்தது. 1992இல் வெளிவந்த தொகுப்புக்கு, அரசியல்வாதிகளுக்கு ராக் அண்ட் ரோல் தெரியாது என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். ஆங்கிலம், கொங்கணி, போர்ச்சுகீசியம், இந்தி என அவர் பாடிய மொழிகள் பல. 2007இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2021இல் அவரது தன்வரலாறு வெளிவந்தது.

இத்தனைக்குப் பின்னும், நாடெங்கும் அவரை நினைவில் நிறுத்தியது அவர் எழுதாத, இசையமைக்காத ஒரு திரைப்பாடலே. திரைப்படத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இந்திய வெகுசன இசையின் வரலாற்றை எழுதினால், ரெமோ ஓரிரு அடிக்குறிப்புகளில் வந்துபோகும் பின்னணிப் பாடகர். சியோலிம் வீட்டு ஒலிநாடாவிலிருந்து தொடங்கினால், நிறுவனங்களுக்கு வெளியே பாடலாசிரியர் ஒருவர் வாழ முடியும் என்று காட்டியவர்.

இச்சிக்கல் தமிழுக்கு அயலானதன்று. தாராவியில் தமிழும் இந்தியும் கலந்து ராப் எழுதிப் பாடிவந்த ‘டோப்அடெலிக்ஸ்’ குழுவினரை, 2018இல் ‘காலா’ வந்த பிறகே தமிழ்நாடு பரவலாக அறிந்தது. அப்படத்துக்கு முன் அவர்கள் என்ன எழுதினார்கள் என்று கேட்பவர் குறைவு. திரைப்படங்களைப் பேணக் காப்பகங்கள் உண்டு. வீட்டில் பதிவான ஒலிநாடாக்களோ பரணில் பூஞ்சை பிடிக்கின்றன. இத்துறையில் ஆய்வை மேற்கொள்ளும் மாணவர், பாடகரின் திரைப்பட்டியலைத் தொகுப்பதற்கு முன் அந்தப் பரணைத் தேடிச் செல்வது நன்று.