கொல்லிமலைக்கு மீன் பார்க்கப் போறீங்களா? தூண்டில் வேண்டாம், பொரி போதும்!

வார இறுதியில் ஏரி, ஆறு என்று தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் கொல்லிமலையும் இருந்தால், தூண்டிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலையில், வளப்பூர் நாட்டில் ஓடும் ஐயாற்றில் மீன் பிடிக்க யாரும் துணிவதில்லை. அங்கே மீன்தான் சாமி.

'நாடு' என்றதும் பெரிய நிலப்பரப்பைத் தேட வேண்டாம். கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே அப்படித்தான் பெயர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மொத்தம் 14 ஊராட்சிகள். அவற்றில் ஒன்றான வளப்பூர் நாட்டில் இருக்கிறது அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்தில் பெயர் குறிப்பிடப்படும் வைப்புத் தலம்.

மீன் கதை இதுதான். ஒரு காலத்தில் ஆற்று மீன்களைச் சிலர் பிடித்து, அறுத்து, குழம்பு வைத்தார்களாம். கொதிக்கும் சட்டியில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உயிர் பெற்று, துள்ளி ஆற்றில் விழுந்தனவாம். 'அறுத்த மீனைப் பொருத்தியவர்' என்று இறைவனுக்குப் பெயர் வந்தது அதனால்தான். இன்றும் பக்தர்கள் ஆற்று மீன்களுக்கு உணவு தூவி வணங்குகிறார்கள். கையில் பொரியோடு துறையில் நின்றால், குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்!

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பலன் கண்கூடானது. யாரும் பிடிக்காத ஒரு துறை இருந்தால், அங்கே மீன்கள் பெருகும். கர்நாடகத்தில் சிருங்கேரி, சிசிலா போன்ற கோயில் துறைகளிலும் இப்படித்தான். ஆனால் பக்தி தூண்டிலைத்தான் தடுக்கும், விஷத்தை அல்ல. சிசிலாவில் 1996-ல் யாரோ ஆற்றில் நஞ்சு கலந்ததில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அவற்றுக்கு அங்கே நினைவுச் சின்னமே இருக்கிறது. ஐயாற்றுக்கு வருகிறவர்கள் ஷாம்பு பாக்கெட்டையும் சோப்பையும் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பொரி வந்த பிளாஸ்டிக் கவரும் ஆற்றில் விழக் கூடாது.

இனி பயணத் திட்டம். நாமக்கல்லில் இருந்து காரவள்ளி போனால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வயிற்றை நிரப்பாமல் ஏறுவது நல்லது. வளைவுகள் பயம் தந்தால், முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை உண்டு. சோளக்காடு, செம்மேடு தாண்டி கோயிலுக்குப் பேருந்தும் போகிறது; இறங்கும்போதே திரும்பும் பேருந்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள். அதே ஐயாறுதான் சற்றுத் தள்ளி ஆகாய கங்கை அருவியாக சுமார் 300 அடி விழுகிறது. அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது எல்லோருமே வீரர்கள்தான். ஏறும்போதுதான் முழங்கால் பேசும். தாத்தா பாட்டிகளுக்கு கோயிலும் மீன் துறையும் போதும். மழைக் காலத்தில் வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்கத் தடை விதிக்கும். அப்போது துறையிலும் குழந்தைகளை இறக்காதீர்கள்.

ஆடி 18 ஒட்டி, இங்கே வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்க ஆசைப்பட்டால் போகலாம். ஆனால் மீன்களை நிதானமாகப் பார்க்க அந்த நாட்கள் தோதுப்படாது, அவ்வளவு கூட்டம். சாதாரண வார நாளே நல்லது.

'மீனைப் பார்த்து மட்டும் வந்தால் எப்படி?' என்று கேட்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மலையிறங்கி மறுநாள் காவிரிக் கரையில் உள்ள ஜேடர்பாளையம் போகலாம். அணைக்கட்டும் பூங்காவும் இருக்கும் அந்த ஊரில் மீன் வறுவல் பிரபலம். மதியம் பசியோடு போங்கள்.