லைட் குக்கிங்

இனம், அரசியல், பொதுக்கொள்கை என்று பேராசிரியர்களைப் பேட்டி கண்டு எழுதுவது என் பிழைப்பில் பாதி. சிங்கப்பூரில் இதற்குச் சரக்குப் பஞ்சமில்லை. அடையாள அட்டையிலேயே இனம் அச்சிட்டிருக்கும் ஊர் இது.

எனக்குப் பிடித்த விஷயம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. கொண்டுவந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் தனபாலன், நம்மவர்தான். ஒரே இனத்தார் ஒரே பேட்டையில் குவியக்கூடாது என்பது நோக்கம். இந்தியரும் பிற இனத்தாரும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு என்பது இன்றைய வரம்பு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர் குறைவு, விலையும் இறங்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது.

இதைப் பற்றி எந்த அறிஞரிடம் பேசினாலும் என் கேள்விகள் ஒரே பக்கம் சாயும்: சிறுபான்மையினரான எங்களுக்கு என்ன நட்டம்? வரம்பு இல்லாவிட்டால் பேட்டைகள் பிரிந்துபோயிருக்கும் என்று யாராவது சொன்னால் அதை ஒரு வரியில் முடித்துவிடுவேன். பாதிக்கப்பட்டவன் நாற்காலி எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு என் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டேன்.

முகவர் தமிழர். “யாரா இருந்தாலும் பரவாயில்லையா, அண்ணே?” என்று கேட்டார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வேண்டாம் என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. அதை அப்படியே விளம்பரத்தில் போட முடியாதென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “லைட் குக்கிங்னு போட்டுடுறேன்” என்றார். வாடகைக்கு இடம் தேடி அலைந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல்லின் உள்ளர்த்தம் புரியும். இளவயதில் நானும் அதைக் கேட்டுத் திரும்பியவன்தான்.

சமையல் வாடை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. வாரத்தில் பாதி நாள் என் அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கிறது. உண்மைக் காரணம் வேறு. புதிதாக வந்தவர்களோடு சேர்த்து என்னையும் எண்ணிவிடுவார்களோ என்ற பயம். 2013 டிசம்பரில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஈடுபட்ட லிட்டில் இந்தியா கலவரம் நடந்தபோது, எதிர்வீட்டுச் சீனப் பெரியவரிடம் “அவங்க வேற, நாங்க வேற” என்று நானாகவே போய்ச் சொன்னேன். அவர் எதுவுமே கேட்டிருக்கவில்லை. அன்று வாயால் சொன்னதை இப்போது வாடகை அறையை வைத்துச் செய்தேன்.

சென்ற ஆண்டு, 2025 ஜனவரியில் வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் நிறைவேறிய பிறகு, ஒரு சமூகவியல் பேராசிரியையைப் பேட்டி கண்டேன். வாடகை வீட்டுக்கு ஏன் இதுபோல் சட்டம் இல்லை என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன். நிறுவனத்தைக் கணக்குக் கேட்பது எளிது, தான் குடியிருக்கும் வீட்டில் ஒருவர் யாரைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதில் கைவைக்க எந்த அரசும் தயங்கும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “நீங்கள் வாடகைக்கு விட்டதுண்டா? யாருக்கு?”

“யார் வந்தாலும்தான்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது அந்தக் கேள்வியையும் பதிலையும் நீக்கினேன். இடம் போதவில்லை என்று ஆசிரியரிடம் ஒரு காரணமும் சொல்லிவைத்தேன். கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. துணிச்சலாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று சிலர் பாராட்டினார்கள்; மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அறை இந்த மாதம் மறுபடி காலியாகிறது. அதே முகவர்தான் ஆள் பார்க்கிறார். பழைய விளம்பரத்தையே போடட்டுமா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை.