அ. முத்துலிங்கத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

போன வாரம் ஓபியில் ஒரு தம்பி கேட்டார்: "சார், நீங்க அடிக்கடி அ. முத்துலிங்கம்னு எழுதுறீங்களே, எந்த புக்ல ஆரம்பிக்கணும்?" பௌர்ணமிக்கு மறுநாள் அது. கிரிவலம் 14 கிலோமீட்டர் செருப்பில்லாம நடந்தவங்க கால் கொப்புளத்தோட வரிசையில் நிக்கிறாங்க. அங்க பதில் சொல்ல முடியலை. அதான் இந்தத் த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆளைப் பத்தி. 1937ல் யாழ்ப்பாணம் கொக்குவிலில் பிறந்தவர். படிப்பால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். சியரா லியோன், சூடான், பாகிஸ்தான், சோமாலியா, கென்யான்னு பல நாடுகளில் வேலை, அதில் ஐ.நா. வேலையும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு கனடா. முதல் சிறுகதைத் தொகுப்பு "அக்கா" 1964ல் வந்தது. அடுத்தது "திகடசக்கரம்", 1995ல். நடுவில் 30 வருஷ இடைவெளி. இன்னைக்கு நாம கொண்டாடுற முத்துலிங்கம் பெரும்பாலும் அதுக்கப்புறம் எழுதினவர்தான்.

இனி என் கதை. இவரைப் படிக்கக் கொடுத்ததில் நான் ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன்.

என் அம்மா இறந்தது மலை உச்சியில் தீபம் எரிஞ்சிட்டிருந்த அந்த 11 நாளில் ஒரு நாள். அதுக்கப்புறம் அப்பா பேசுறதையே நிறுத்திட்டார். மாடிக்குப் போக மாட்டார், ஏன்னா அங்கிருந்து மலை தெரியும். பிபி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் சேர்த்து வெச்சிருந்ததை ஒரு மாசம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன். ஊருக்கே வைத்தியம் பாக்குற டாக்டர் நான். சொந்த வீட்டில் கோட்டை விட்டேன்.

மனநல மருத்துவரான நண்பரிடம் கூட்டிட்டுப் போனேன். அவர் சிகிச்சையோட, "உங்கப்பாவுக்குப் பிடிச்ச எதையாவது திரும்பத் தொடங்கச் சொல்லுங்க"ன்னார். அப்பா ரிட்டயர்டு வாத்தியார், ஒரு காலத்தில் நல்ல வாசகர். உடனே நான் "கடவுள் தொடங்கிய இடம்" நாவலைக் கையில் கொடுத்தேன். அகதியாக் கிளம்பி கனடா போய்ச் சேரப் பாடுபடுற ஒரு பையனோட கதை. அருமையான நாவல்.

ரெண்டு நாளில் திரும்பி வந்தது. "பாவம்டா அந்தப் பையன். எனக்கு இருக்கிறதே போதும்"ன்னார். சரியாத்தான் சொன்னார். சாப்பிடவே முடியாத நோயாளிக்குக் கல்யாண விருந்து போட்டா எப்படி?

ரெண்டாவது புத்தகத்தை நான் கொடுக்கக்கூட இல்லை. மேசையில் கிடந்தது, அவரா எடுத்தார். கட்டுரைத் தொகுப்பு. தலைப்பு "அங்க இப்ப என்ன நேரம்?"

இதுக்கு ஒரு பின்கதை சொல்லணும். என் தங்கச்சி டொரண்டோவில் இருக்கா. தினம் ராத்திரி 9 மணிக்கு போன் பண்ணுவா. அம்மா எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அங்க இப்ப என்ன நேரம்?" குளிர்காலத்தில் நமக்கு பத்தரை மணி நேரம் பின்னாடி, வெயில் காலத்தில் ஒன்பதரை. அம்மாவுக்கு அது நல்லாவே தெரியும். ஆனாலும் எட்டு வருஷமா தினம் கேட்டாங்க. அவங்க போனதுக்கப்புறம் அந்தக் கேள்வியை எங்க வீட்டில் யாரும் கேட்கலை.

அப்பா அட்டையையே ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தார். அப்புறம், "எழுத்து பொடியா இருக்கு, நீ படி"ன்னார். பவா செல்லதுரை கதை சொல்லக் கேட்டுப் பழகின ஊர்க்காரங்க நாங்க, காதால் கேட்கிறது எங்களுக்குப் புதுசில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ஒரு கட்டுரை. ஒவ்வொண்ணும் சில பக்கம்தான்.

முதல் நாள் முகத்தில் ஒண்ணும் இல்லை. ரெண்டாவது நாளும் அப்படித்தான். மூணாவது நாள் படிக்கிற எனக்கே சிரிப்பு வந்து நிறுத்திட்டேன். "மேல படிடா"ன்னார். குரல் மாறியிருந்தது.

முத்துலிங்கம் யாரையும் மட்டம் தட்டிச் சிரிக்க வைக்க மாட்டார். அடி வாங்குற ஆள், ஏமாறுற ஆள், அசடு வழியிற ஆள் எப்பவும் அவரேதான். முகத்தைச் சீரியஸா வெச்சிக்கிட்டு, கணக்கு எழுதுற மாதிரி ஒவ்வொரு விவரமாச் சொல்லிட்டே போவார். சிரிச்சு முடிக்கும்போது கடைசி வரியில் தொண்டை அடைக்கும். துக்கத்தில் இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரிச் சிரிப்புதான் ஒத்துக்கும். "சிரிங்க, எல்லாம் சரியாயிடும்"னு அது கட்டாயப்படுத்தாது.

ஒரு வாரம் கழிச்சு அப்பா கேட்டார், "இவரு எங்கடா இருக்காரு?" டொரண்டோன்னேன். "நம்ம பாப்பா ஊரா!" அன்னைக்கு 9 மணிக்கு போன் அடிச்சதும் என் கையிலிருந்து வாங்கினார். "அம்மாடி, அங்க இப்ப என்ன நேரம்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தங்கச்சி, "காலைல பத்தரைப்பா"ன்னா.

டாக்டரா ஒரு விஷயம் சொல்லிடறேன். புத்தகம் பிபியைக் குறைச்சதுன்னு யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. குறைச்சது மாத்திரை. இப்ப என் எதிரில் போட்டுக்கிறார். துக்கம் மாசக்கணக்கில் நீண்டு, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் கண்டிப்பா மருத்துவரைப் பாருங்க.

சரி, தம்பி கேட்ட வரிசை:

1. "அங்க இப்ப என்ன நேரம்?" ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை. முடிஞ்சா சத்தமாப் படிங்க.

2. "உண்மை கலந்த நாட்குறிப்புகள்", 2008. பேருக்கு நாவல், ஆனா எந்த அத்தியாயத்தையும் பிரிச்சுப் படிக்கலாம். தலைப்பைக் கவனிங்க. பாலில் தண்ணி கலக்கிற மாதிரி உண்மையைக் கலந்திருக்காராம்! என் நோயாளிகள் "சிகரெட்டா, எப்பவாவது சார்"னு சொல்றதும் இந்த வகைதான்.

3. "மகாராஜாவின் ரயில்வண்டி" சிறுகதைகள், 2001. இங்க வரும்போது அவர் குரல் உங்களுக்குப் பழகியிருக்கும்.

4. "கடவுள் தொடங்கிய இடம்". மனசு தெம்பா இருக்கும்போது மட்டும்.

ஈழத்துச் சொல் வந்தா பயப்படாதீங்க. கதைக்கிறதுன்னா பேசுறது, வடிவுன்னா அழகு. பத்து பக்கத்தில் பழகிடும்.

அப்பா இப்ப ரெண்டாவது புத்தகத்தில் இருக்கார். தானேதான் படிக்கிறார், எழுத்து திடீர்னு பெருசாயிடுச்சு போல. மாடிக்கு மட்டும் இன்னும் போகலை. இந்தக் கார்த்திகைக்குள்ள கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்.